மூக்கில்லாத தேனீயும் ஒரு முழு உளுந்தும்

போன சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஊரப்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் நின்று, "பைப் கிளீனர் இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். குழாய் அடைப்பெடுக்கும் ஆசிட். லேபிளில் மண்டை ஓட்டுப் படம். இது இல்லை, வேறு மாதிரி என்றேன். அடுத்ததாக நாலடி நீளத்தில் ஒரு ஸ்பிரிங் கம்பியை இழுத்துக்கொண்டு வந்தார். அடைத்துக்கொண்டது கிச்சனா, பாத்ரூமா என்று அக்கறையாக விசாரித்தார்.

எதுவும் அடைக்கவில்லை. என் மகள் செய்யப்போகும் பூச்சிக்கு மீசை வேண்டும், பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியில். அவ்வளவுதான்.

ஆனால் இதை, பெயின்ட் வாங்க வந்த நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலை நரைத்த ஒரு ஆள் எப்படி வாய்விட்டுச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நழுவினேன்.

எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியில் ஆரம்பித்தது.

என் மகள் இனியாவுக்கு நாலரை வயது. எங்கள் அபார்ட்மென்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். வகுப்பு டீச்சர் ஷீபா மிஸ். தங்கமான பெண். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோர் குழுவில் அவர் பெயரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

செய்தி இதுதான். அடுத்த வாரம் 'இன்செக்ட் வீக்'. குழந்தைகள் வீட்டிலேயே ப்ளே டோ என்கிற விளையாட்டு மாவு பிசைந்து, அதில் ஒரு பூச்சி செய்ய வேண்டும். 'சென்சரி ஆக்டிவிட்டி'யாம். அதாவது தொட்டு, பிசைந்து, உருட்டி, நசுக்கி, அப்படியே பூச்சிகளைப் பற்றியும் தெரிந்துகொள்வது. செய்த பூச்சியின் படமும், குழந்தை அதைப் பற்றிப் பேசும் வீடியோவும் சனிக்கிழமை நாலு மணிக்குள் குழுவில் ஏற வேண்டும்.

கூடவே பொருட்களின் பட்டியல். பைப் கிளீனர், கூக்ளி ஐஸ், பைன் கோன். அதற்கடுத்து, செய்யத் தகுந்த பூச்சிகளின் பட்டியல். லேடி பக், பம்பிள் பீ, பட்டர்ஃப்ளை, டிராகன் ஃப்ளை.

பைன் கோனுக்கு, அதாவது பைன் மரத்துக் காய்க்கு, ஊரப்பாக்கத்தில் நான் எந்தக் காட்டுக்குப் போவது? வேப்பங்கொட்டை கேட்டிருந்தால் மூட்டையாகவே அனுப்பியிருப்பேன். ஸ்டேஷனரி கடையில் கூக்ளி ஐஸ் கேட்டதற்கு, அங்கிருந்த பெண் பக்கத்து ஐஸ்கிரீம் கடையைக் கை காட்டினாள். பிறகு போனில் படம் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. உள்ளே கருமணி உருளும் பிளாஸ்டிக் கண்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மனைவி ரேவதியைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு — அவள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். சனிக்கிழமையும் வேலை உண்டு. காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு படப்பை வழியாகப் பறந்துவிடும். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். ஆகவே சனிக்கிழமைகளில் இனியாவுக்கு அம்மா, அப்பா, பூச்சி நிபுணர் எல்லாம் நான்தான்.

ரேவதி பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். அவளையே செய்ய விடுங்கள், நடுவில் புகாதீர்கள் என்று. நான் தலையாட்டினேன்.

ஹார்டுவேர் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, எதிர் வீட்டில் விட்டுப் போயிருந்த இனியாவை அழைத்து வந்தேன். மாவு பிசைய உட்கார்ந்தோம். இதில் என்ன பெரிய வித்தை? இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர். வீடியோவில் ஒரு பெண்மணி நகப் பாலிஷ் கலையாமல் பிசைந்து காட்டினார்.

நான் பிசைந்தது தோசை மாவுப் பதத்தில் வந்தது. மைதாவைக் கொட்டினேன். கல் மாதிரி ஆனது. தண்ணீர் ஊற்றினேன். மறுபடி தோசை மாவு. வீட்டிலிருந்த மைதா முழுக்கத் தீர்ந்தபோதுதான் பதம் வந்தது. ஒரு சின்ன ஓட்டலுக்கு அன்றைய பரோட்டாவுக்குக் காணும் மாவு என் எதிரில் இருந்தது.

ஒரு பங்கில் மஞ்சள் தூளைக் கலந்தோம். இன்னொன்றில் கேக்குக்குப் போடும் நீல நிறம். அது என் விரல்களில், சமையல் மேடையில், ஃப்ரிட்ஜ் கைப்பிடியில், இனியாவின் நெற்றியில் எல்லாம் ஏறியது. மாவில் மட்டும் கொஞ்சம் குறைவாக ஏறியது.

இனியாவுக்கு என்னவோ ஒரே சந்தோஷம். இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பிசைந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். இது காது மடல் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சரிபார்க்க என் காதைப் பிடித்துப் பார்த்தாள். காதெல்லாம் நீலம். சும்மா இரு என்று அதட்டினேன்.

யோசித்துப் பாருங்கள். சென்சரி ஆக்டிவிட்டி என்று பள்ளி எதைக் கேட்டதோ, அது அந்த நிமிடம் நடந்து முடிந்துவிட்டது. நான்தான் கவனிக்கவில்லை. எனக்கு நாலு மணிக்குள் படம் போக வேண்டும்.

என்ன பூச்சி செய்யலாம் என்று கேட்டேன். கொசு என்றாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு? பிறந்ததிலிருந்து அவளுக்கு நெருக்கமாகத் தெரிந்த பூச்சி அது ஒன்றுதான். சாயங்காலம் ஆறு மணியானால் எங்கள் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்கிறது. அதைப் பிடிக்க வீட்டில் இரண்டு மின்சார மட்டைகள் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் கொசு இல்லை. பட்டியலில் இல்லாததைச் செய்து அனுப்பினால், இந்த வீட்டில் சரியாகப் படிக்கத் தெரியாது என்று நினைப்பார்கள். பம்பிள் பீ செய்யலாம் என்றேன்.

"அது என்னப்பா?"

குண்டுத் தேனீ என்றேன். எங்கே இருக்கும் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லை. அவளும் பார்த்ததில்லை. ஆனாலும் அதைத்தான் செய்ய வேண்டும் என்று முடிவானது.

அதற்குள் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்திருந்தது. குழுவில் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டு லேடி பக்கின் முதுகில் ஏழு புள்ளிகள், ஏழும் ஒரே அளவு. இன்னொரு வீட்டுத் தட்டான் ஒரு நிஜ இலை மேல் உட்கார்ந்திருந்தது. பின்னணியில் மெல்லிய வெளிச்சம். கல்யாண ஆல்பம் எடுப்பவரைக் கூப்பிட்டிருப்பார்களோ என்று தோன்றியது.

எனக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. அதற்கு நல்ல பெயர் எதுவும் இல்லை.

இனியாவின் கையிலிருந்த மஞ்சள் மாவை வாங்கினேன். அவளுக்கு ஒரு நீல உருண்டையைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு தட்டில் கொஞ்சம் முழு உளுந்தை வைத்தேன். தோல் நீக்காத கறுப்பு உளுந்து. கூக்ளி ஐஸுக்குப் பதில் கண்ணாக வைக்க அது பொருத்தமாக இருந்தது. என் மூளைக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். நீ உனக்குப் பிடித்ததைச் செய் என்று அவளிடம் சொல்லிவிட்டு, தேனீயில் இறங்கினேன்.

நன்றாகத்தான் வந்தது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா? தலை, மார்பு, வயிறு, மூன்று பாகம். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியில் ஆறு கால், இரண்டு மீசை. கறுப்புப் பட்டைக்கு ரேவதியின் கண் மை. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி ரெக்கை. அந்த ரெக்கை மட்டும் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது.

இனியா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். தேனீக்கு மூக்கு எங்கே என்றாள். மூக்கு கிடையாது, மீசையால்தான் மோந்து பார்க்கும் என்றேன். அப்போது மூச்சு எப்படி விடும் என்றாள். போனில் தேடிப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஓட்டை இருக்கும், அது வழியாக விடும் என்றேன். பதில்கள் சரியானவை. ஆனால் இரண்டையும் நான் ரெக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

இன்னும் ஏதோ கேட்டாள். "ம்" என்றேன்.

அப்புறம் சத்தம் இல்லை. ரெக்கை ஒருவழியாக நின்றது. போனில் படம் எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று ஜன்னல் பக்கம் நகர்த்தி இன்னும் நாலு எடுத்தேன். அதன் பிறகே திரும்பினேன்.

இனியா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் தொப்புளையே பார்த்தபடி நின்றிருந்தாள். வாயை இறுக்க மூடியிருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஒரு மூக்குத் துவாரத்தில் நீல மாவு எட்டிப் பார்த்தது.

பாய்ந்துபோய் அதைப் பிடுங்கினேன். முழுசாக வந்துவிட்டது. வாயைத் திறந்து 'ஹா' என்று மூச்சு விட்டாள். இன்னொரு துவாரத்தில் எதுவும் தெரியவில்லை. அதில் என்ன வைத்தாய் என்று கேட்டேன்.

"கண்ணு" என்றாள்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு தட்டைப் பார்த்தேன். உளுந்து.

இதற்கு அப்புறம் நான் செய்தது எதுவும் பெருமைக்குரியதல்ல. எதிர் வீட்டு விஜயா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, கொஞ்சம் மிளகுப் பொடியைக் காட்டினால் தும்மலில் வந்துவிடும் என்றார். நாலரை வயதுக் குழந்தையிடம் மிளகுப் பொடியா என்று நான் கேட்க, அப்படியென்றால் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டலாம் என்றார். போனில் தேடினேன். ஒரு இணையதளம் எண்ணெய் விடு என்றது. இன்னொன்று விடாதே என்றது.

உளுந்து உள்ளேயிருக்கும் ஈரத்தில் ஊறும், ஊறினால் பெரிதாகும் என்பது மட்டும் யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். தினமும் இட்லிக்கு ஊறப் போடுகிறவன்தானே.

பதற்றத்தில் ரேவதி புருவத்துக்கு வைத்திருக்கும் பிளக்கரை எடுத்தேன். விஜயா அக்கா டார்ச் அடித்தார். கறுப்பாக, பளபளவென்று, நுனியில் தெரிந்தது. பிடித்தேன். வழுக்கியது. மறுபடி பிடித்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. இனியா அலறினாள். பிளக்கர் முனையில் ஒரு பொட்டு ரத்தம்.

அந்த ரத்தப் பொட்டைப் பார்த்ததும் பிளக்கரைக் கீழே போட்டேன். அப்போதுதான் எங்கள் வழக்கமான டாக்டருக்குப் போன் செய்யும் புத்தி வந்தது. முதலிலேயே வந்திருக்கலாம். எதையும் உள்ளே விடாதீர்கள், தாம்பரத்தில் ஒரு ஈ.என்.டி. டாக்டர் இருக்கிறார், இரண்டு மணி வரை இருப்பார், உடனே போங்கள் என்றார்.

மணி அப்போது ஒன்றே கால்.

கீழே இறங்கியதும் ஒரு ஆட்டோ கிடைத்தது. ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு நிற்பு. சனிக்கிழமையாதலால் வண்டலூரில் மிருகக்காட்சிசாலைக்குத் திரும்பும் வண்டிகளால் இன்னொரு நிற்பு. இனியா என் மடியில் அழுது ஓய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சையும் நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, குழந்தைக்கு என்ன என்று விசாரித்தார். சொன்னேன்.

"எம் பொண்ணு காதுல பல்பத்த வச்சிகினா சார். டாக்டராண்ட போனா ஒரு நிமிசம்தான். நாமதான் கைய வெக்கக் கூடாது. வெச்சா உள்ள பூடும்" என்றார். பிறகு கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் வெக்கலயே?" என்றார். அதுவரை 'சார்' என்றவர்.

நான் இனியாவின் தலையைக் கோதினேன். அவர் பெருங்களத்தூரில் சர்வீஸ் ரோட்டுக்குள் இறக்கி, எங்கெங்கோ வளைத்து, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளினிக் வாசலில் நிறுத்தினார்.

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். இனியாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஷீபா மிஸ். இன்னும் படம் அனுப்பாதவர்களின் பட்டியல், நினைவூட்டலுக்காக. இனியாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. கை கூப்பிய பொம்மை ஒன்றும் கூட வந்தது. அந்தப் பொம்மையை நான் பார்த்த பார்வை... நல்லவேளை, அது பொம்மை.

டாக்டர் ஐம்பது வயதைக் கடந்த அம்மாள். நெற்றியில் விளக்கு கட்டியிருந்தார். இனியாவை என் மடியிலேயே உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உண்மையிலேயே, அதைத்தான் சொல்லப் போனேன்.

"அப்பா பிளக்கர் வச்சாங்க. ரத்தம் வந்துச்சு" என்றாள் இனியா.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு தடவை பார்த்துவிட்டு, குழந்தையிடம் திரும்பி, மூக்கில் ஏன் போட்டுக்கொண்டாய் என்று கேட்டார்.

இனியா விளக்கமாகவே சொன்னாள். பூச்சிக்கு மூக்கு இல்லை. வயிற்றில் இருக்கும் ஓட்டை வழியாக மூச்சு விடும். தன் வயிற்றிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதனால் மூக்கை அடைத்துவிட்டு, அதில் மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம். உளுந்து ஒரு பக்கத்துக்கு. மறு பக்கத்துக்கு மாவு. டாக்டரின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொள்கிறார் என்று தெரிந்தது.

"அப்பாவ கேட்டுட்டு செய்யணும்ல பாப்பா?"

"கேட்டேனே. பூச்சி மாதிரி மூச்சு விட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டேன். அப்பா 'ம்'னாங்க."

அந்த அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

அவள் அனுமதி கேட்டிருக்கிறாள். நான் கொடுத்திருக்கிறேன். குறும்பும் இல்லை, அடமும் இல்லை. வகுப்பில் எதைச் செய்யச் சொன்னார்களோ அதைச் செய்திருக்கிறாள் — பூச்சியைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறாள். அந்த நேரத்தில், பார்த்தே இராத ஒரு தேனீக்கு அவள் அப்பா ரெக்கை ஒட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். கருவி வைப்பதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது, நான் சொல்கிறபடி மட்டும் செய்யுங்கள் என்றார். உளுந்து இல்லாத பக்கத்தை அவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் குழந்தையின் வாயோடு வாய் வைத்து, முத்தம் கொடுக்கிற மாதிரி, சட்டென்று ஒரே ஊது ஊத வேண்டும். காற்று பின்னாலிருந்து வந்து அதை வெளியே தள்ளுமாம்.

இனியாவிடம், அப்பா பெரிய முத்தம் தரப் போகிறார் என்றார். அவள் நீலம் பூசிய என் காதைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள்.

முதல் தடவை ஊதியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காற்றெல்லாம் கன்னத்து வழியாகப் போய்விட்டது. இரண்டாவது தடவை டாக்டர் என் தலையைப் பின்னாலிருந்து பிடித்து அழுத்தினார். அழுதழுது வறண்டிருந்த அந்தச் சின்ன வாயில் உப்பு மாவின் சுவை. இருந்த மூச்சை எல்லாம் திரட்டி ஊதினேன்.

என் கன்னத்தில் ஏதோ சப்பென்று ஒட்டியது.

டாக்டர் ஒரு பஞ்சால் அதை எடுத்துக் காட்டினார். ஊறிப் பருத்து, தோல் வெடித்த ஓர் உளுந்து. இனியா அதை உற்றுப் பார்த்துவிட்டு, கண் குண்டாகிவிட்டது என்றாள். டாக்டர் மறுபடி விளக்கடித்து, மூக்கு, தொண்டை எல்லாவற்றையும் பார்த்தார். லேசான கீறல், சரியாகிவிடும் என்றார். கடைசியில் என்னிடம், "இத வீட்ல நீங்களா செஞ்சு பாக்காதீங்க. அடுத்த தடவ நேரா இங்க வாங்க" என்றார். அடுத்த தடவை என்று ஒன்று உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

வெளியே வந்து ஒரு மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.  இனியா இரண்டு மூக்கு வழியாகவும் மாற்றி மாற்றி மூச்சு விட்டுக் காட்டினாள். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். தாம்பரத்தில் அந்த வெயிலுக்கு எல்லார் முகமும்தான் நனைந்திருந்தது.

ரேவதி ஐந்தரை மணிக்கு வந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிளக்கர், ரத்தம், 'ம்', எல்லாம். குழந்தையை மடியில் இழுத்து, மூக்கைத் தடவிப் பார்த்தாள். இவள் கேட்டபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றாள். தேனீக்கு ரெக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். மேஜை மேல் நின்ற தேனீயைப் பார்த்தாள். என் கண் மையா அது என்று கேட்டாள். 

அன்று நான் எதையும் அனுப்பவில்லை. நாலு மணி வந்தது, போனது. உலகம் அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இனியாவே மீதி மாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உளுந்துத் தட்டு பரணுக்குப் போயிருந்தது. கண்ணுக்கு மாவிலேயே இரண்டு குழி போட்டாள். ஒரு நீளமான வயிறு. ஊசி மாதிரி ஒரு மூஞ்சி. கால் ஆறு ஒட்டினாள், ஒன்று விழுந்துவிட்டது. அது மட்டையில் அடிபட்ட கொசு, அதனால் ஐந்துதான் என்றாள். நான் சோபாவில் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேவதிதான் அப்படி உட்காரச் சொன்னாள்.

வீடியோவும் ரேவதி எடுத்தாள். இங்கிலீஷில் சொல் என்று யாரும் சொல்லவில்லை. இனியா கொசுவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது இது:

"இது கொசு. இதுக்கு மூக்கு இல்ல. வயித்துல ஓட்ட இருக்கு, அதுல மூச்சு விடும். நம்மளால முடியாது. நான் செஞ்சு பாத்துட்டேன்."

ஷீபா மிஸ்ஸுக்குத் தனியாக அனுப்பினேன், தாமதத்துக்கு மன்னிப்போடு. பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். செய்து பார்த்துவிட்டேன் என்று சொல்கிறாளே, எதை என்று கேட்டார். சொன்னேன். ஐயோ என்றார். பிறகு, இப்போது நன்றாக இருக்கிறாளா என்று இரண்டு முறை கேட்டார். பட்டியல் மேலே இருந்து வந்தது, தானும் பைன் கோனைப் பார்த்ததில்லை என்றார். வகுப்பு போர்டில் கொசுவின் படம்தான் முதலாவதாக ஒட்டப்படும் என்று உறுதி கொடுத்தார். பெயர் சொல்லாமல் குழுவில் ஓர் எச்சரிக்கை போடலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

போட்டார். சின்னக் குழந்தைகளிடம் பயறு, உளுந்து, மணி போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம், ஒரு குழந்தை மூக்கில் போட்டுக்கொண்டது என்று.

அப்புறம் பார்க்க வேண்டுமே. ஏழு புள்ளி லேடி பக்கின் அப்பா, சில பெற்றோருக்கு அடிப்படை அறிவே இல்லை என்றார். தட்டானின் அம்மா, போனை வைத்துவிட்டுக் குழந்தையைக் கவனித்தால் இதெல்லாம் நடக்குமா என்று, போனிலிருந்து, கேட்டார். அதற்குப் பதினோரு கட்டைவிரல்கள். யார் அந்தப் பெற்றோர் என்று ஒருவர் தெரிந்துகொள்ள விரும்பினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் பெயர் எங்கேயும் வரவில்லை. ஆனால் அந்தக் கட்டைவிரல்களை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

'நான்தான்' என்று அடித்து அனுப்பினேன். 'இனியாவின் அப்பா. முழு உளுந்து. நானே பிளக்கரை விட்டு இன்னும் உள்ளே தள்ளினேன்.'

 பத்து நிமிடம் கழித்து ஒருவர் வாழைப்பழ அப்பத்தின் படத்தைப் போட்டுப் பேச்சை மாற்றினார்.

அதற்கு அப்புறம்தான் தனிச் செய்திகள் வர ஆரம்பித்தன. ஒரு வீட்டில் காய்ந்த பட்டாணி, காதில். ஒரு வீட்டில் சட்டைப் பொத்தான், அது தானாகவே வந்துவிட்டதாம். ஒரு வீட்டில் தெர்மாகோல் உருண்டை. கடைசியாக, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஏழு புள்ளி லேடி பக்கின் அப்பா. போன வருஷம் அவர் பையன் அழிரப்பர் துண்டை மூக்கில் போட்டுக்கொண்டானாம். எந்த டாக்டர் சார் என்று நான் கேட்டேன். தாம்பரம்தான், அதே அம்மாள்தான்.

இதைக் குழுவில் சொல்லிவிட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டுக்கொண்டார்கள். சொல்லவில்லை. குழுவில் இன்னமும் எல்லார் வீட்டிலும் ஆறு காலும் நேராக நிற்கும் பூச்சிகள்தான்.

பெற்றோர் குழுவில் பொய் சொல்ல வாயைத் திறக்கவே வேண்டாம் — ஒரு நல்ல போட்டோ போட்டால் போதும்.